அடுப்பங்கரைப் புகையையும் கணக்கில் சேருங்கள்

காற்று மாசுக்கும் பக்கவாதத்துக்கும் உள்ள தொடர்பு பற்றி ஒரு கட்டுரை படித்தேன். காற்று மாசால் பக்கவாதம் வரும் அபாயம் முதியவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் கூடுதல் என்று அது சொல்வது சரிதான். ஆனால் அதில் பேச்செல்லாம் வாகனப் புகை, டெல்லிப் பனிப்புகை பற்றியே இருக்கிறது. விறகடுப்பு முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்களைக் காணோமே?

2016-ல் ஏழை வீடுகளுக்கு கேஸ் இணைப்பு தரும் உஜ்வாலா திட்டம் வந்த பிறகு கேஸ் இணைப்பு பரவியது உண்மை. ஆனாலும் சிலிண்டர் விலைக்குப் பயந்து டீக்கு கேஸ், சோறு வடிக்கவும் வெந்நீர் போடவும் விறகு என்று பிரித்து வைத்திருக்கும் வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. மழையில் நனைந்த விறகு என்றால் ஊதாங்குழலோடு முகத்தை அடுப்பு வாய்வரை கொண்டுபோக வேண்டும். பீடி, சிகரெட்டைத் தொட்டே பார்க்காதவர்கள் இவர்கள். புகையின் நுண்துகள் நுரையீரலோடு நிற்பதில்லை. இரத்தக் குழாயின் உட்சுவரைக் கெடுத்து, பிரஷரை ஏற்றி, இரத்தம் உறையவும் வழி செய்கிறது. தனக்கு பிரஷர் இருப்பதே தெரியாதவர்களின் கதி?

அப்புறம், காற்று மாசு "வரம்புக்குள் இருக்கிறது" என்ற இந்த ஆறுதல். பிஎம் 2.5 என்ற காற்றிலுள்ள நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன ஆண்டுச் சராசரி வரம்பு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம். நம் நாட்டு வரம்பு 40! நாள் முழுக்க சிக்னலில் நிற்கும் போக்குவரத்துக் காவலருக்கும் ஆட்டோக்காரருக்கும் அந்த வரம்பு என்ன பாதுகாப்பு தரும்?

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்க்கிறார்கள். அப்படியே "எந்த அடுப்பில் சமைக்கிறீர்கள்?" என்றும் கேட்டு எழுதிக்கொள்ளலாம். பெரிய செலவு ஒன்றுமில்லை.