இந்தக் கமெண்ட் யார் கண்ணில் படும்? யாராவது சொல்லித் தொலையுங்களேன்!

"டிக்கெட்டில் கமெண்ட் சேர்க்கும்."

ஒரு புது டூலைப் பற்றி டெவலப்பர் எனக்கு அனுப்பிய மொத்த விவரம் இவ்வளவுதான். மூன்று சொல். இதை வைத்துக்கொண்டு நான் முழு டாக்குமெண்டேஷனும் எழுதி முடிக்க வேண்டுமாம், அதுவும் ரிலீஸுக்கு முன்னால்.

கோலாலம்பூர் பாங்சார் சவுத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் எனக்கு இதுதான் வேலை. சப்போர்ட் டிக்கெட்டுகளை, அதாவது வாடிக்கையாளர்கள் அனுப்பும் புகார்களை, படித்து ஏஐ ஏஜென்ட் தானாகவே கமெண்ட் போடும்படி ஒரு டூல் செய்திருக்கிறார்கள். செய்யட்டும், சந்தோஷம். நான் கேட்டது ஒரே கேள்வி: அந்தக் கமெண்ட் வாடிக்கையாளருக்குப் போகுமா, நமக்குள்ளேயே இருக்குமா?

"அக்கா, அதை ஏஐதானே படிக்கப் போகுது. அதுக்குப் புரியும் லா. சும்மா ஒரு லைன் போடுங்க."

சாம்பாருக்கு உப்பு போட்டாச்சா என்று கேட்டால் குக்கர் புதுசு என்கிற மாதிரி ஒரு பதில்!

சப்போர்ட்டில் ஒரு வாரம் உட்கார்ந்தவருக்குக்கூட இது தெரியும். டிக்கெட்டில் வாடிக்கையாளருக்குப் போகும் பதில் ஒன்று, டீமுக்குள் எழுதிக்கொள்ளும் உள்குறிப்பு இன்னொன்று. "இவர் போன மாதமும் இதையே சொல்லி ரீஃபண்ட் வாங்கினார், கவனம்" என்பது உள்குறிப்பு. அது பதிலாகப் போய் அவருடைய மின்னஞ்சலில் விழுந்தால்? ஜென்டெஸ்க் என்ற டிக்கெட் மென்பொருளில் உள்குறிப்பு எழுதும் பெட்டி மஞ்சளாக மாறும். ஜிரா சர்வீஸ் மேனேஜ்மென்ட் என்ற இன்னொன்றில் இரண்டுக்கும் தனித்தனி பட்டன். மனிதன் அவசரத்தில் தப்பாக அழுத்திவிடுவான் என்று தெரிந்துதான் அப்படி வைத்திருக்கிறார்கள். ஏஜென்டுக்கு மஞ்சளும் தெரியாது, பட்டனும் தெரியாது. அதன் கையில் இருப்பது ட்ரூ அல்லது ஃபால்ஸ் என்று ஒரே ஒரு மதிப்பு.

அந்த மதிப்பாவது எல்லா இடத்திலும் ஒன்றா? ஜென்டெஸ்க் ஏபிஐயில் (வேறு மென்பொருள்கள் அதனோடு பேசும் வழியில்) அந்தப் புலத்தின் பெயர் 'பப்ளிக்'; ட்ரூ என்றால் வாடிக்கையாளர் பார்ப்பார். ஃப்ரெஷ்டெஸ்க் என்ற அதேபோன்ற மென்பொருளின் நோட்டில் அது 'பிரைவேட்'; அங்கே ட்ரூ என்றால் அவர் பார்க்கமாட்டார். எங்கள் டூல் இந்த இரண்டோடும் பேசும். ஏஜென்ட் எதையுமே கொடுக்காமல் விட்டால் எங்கள் டூல் எந்தப் பக்கம் சாயும்? கேட்டேன். மெசேஜுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. பதில் வரவில்லை.

இத்தனை காலமும் "டாக்குமெண்டேஷனை யாரு அக்கா படிக்கிறாங்க?" என்று கேலி செய்தவர்கள்தான் இவர்கள். இப்போது ஒரு எழுத்து விடாமல் படிக்கிற வாசகனே வந்துவிட்டான், ஏஐ! 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் வெளியிட்ட எம்சிபி முறைப்படிதான், அதாவது ஏஐ மாடலை வெளி டூல்களோடு இணைக்கும் பொது முறைப்படிதான், எங்கள் டூலும் இயங்குகிறது. அதில் ஒவ்வொரு டூலுக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், என்னென்ன மதிப்பு கொடுக்கலாம் என்ற பட்டியல். மாடல் அதைப் படித்துத்தான் எப்போது கூப்பிடுவது, எதைக் கொடுப்பது என்று முடிவு செய்கிறது. ஆக, அந்த விளக்கவரி கோடிங் முடிந்த பிறகு ஒட்டுகிற லேபிள் கிடையாது. டூல் எப்படி நடந்துகொள்ளும் என்பதில் பாதி அதில்தான் இருக்கிறது. அதற்குத்தான் மூன்று சொல்.

அதே எம்சிபியில், இந்த டூல் எதையாவது அழிக்கக்கூடியதா என்று சொல்ல ஒரு குறிப்பு உண்டு. நம்ம டெவலப்பர் 'இல்லை' என்று போட்டிருக்கிறார். கமெண்ட் புதிதாகச் சேர்கிறதே தவிர எதையும் அழிப்பதில்லை, அதனால் விதிப்படி சரிதான். ஆனால் வாடிக்கையாளருக்குப் போன மின்னஞ்சலைத் திரும்பப் பிடுங்க முடியுமா? நெட்வொர்க் தொங்கி, ஏஜென்ட் மறுபடி முயன்றால் அதே மன்னிப்புக் கடிதம் இரண்டு முறை போகுமா? "டெஸ்ட் பண்ணிப் பாருங்கக்கா." எதில் பார்ப்பது? டெஸ்ட் அக்கவுண்ட் கேட்டதற்கே இன்னும் அனுமதி வரவில்லை.

அப்புறம், யார் பெயரில் போகும்? டூல் உள்ளே நுழையப் பயன்படுத்தும் சாவி, அதாவது டோக்கன், யாருடையதோ அவர் பெயரில். இப்போதைக்கு அது சப்போர்ட் டீமில் இருக்கும் ஒரு தங்கச்சியுடைய டோக்கன். ஏஜென்ட் உளறினால் போனில் திட்டு வாங்கப்போவது அவள். அவளுக்கு இந்த விஷயமே தெரியாது. நான்தான் போய்ச் சொன்னேன்.

நம்ம ஊர் டிக்கெட்டுகளில் மக்கள் என்னதான் ஒட்டுவதில்லை? ஐசி (அடையாள அட்டை) நம்பர், பேங்க் ஸ்டேட்மெண்ட், வீட்டு முகவரி எல்லாம் வரும். மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இலிருந்தே இருக்கிறது. பெரிய பாதிப்பு வரக்கூடிய கசிவு என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குச் சொல்ல வேண்டும் என்ற விதி 2025 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. ஒருவருடைய ஐசி நம்பர் இருக்கும் உள்குறிப்பு இன்னொருவருக்குப் போனால், "ஏஐக்குப் புரியும்னு நினைச்சோம்" என்றா எழுதிக் கொடுப்பார்கள்?

உச்சக்கட்டம் மேலாளர். "ஏஐகிட்டயே கொடுத்து எழுதச் சொல்லுங்களேன், ரெண்டு நிமிஷ வேலை." கொடுத்தேன். அழகாக எழுதியது. "வேறுவிதமாகக் குறிப்பிடாதவரை கமெண்ட் உள்குறிப்பாகவே சேமிக்கப்படும்." கோடில் அப்படி ஒரு வரியே கிடையாது! தானாகவே ஒரு விதியைக் கற்பனை செய்து, தானே அதற்கு டாக்குமெண்டேஷனும் எழுதிக்கொண்டது. மேலாளருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அப்படியே போட்டுவிடலாமாம். ஏஜென்ட் அதை நம்பி, மதிப்பு எதுவும் கொடுக்காமல் கமெண்ட் போட்டுக்கொண்டே போகும். அவை எங்கே போய் விழும் என்று இந்த ஆபீஸில் ஒருவருக்கும் தெரியாது.

அந்த வரியை அழித்துவிட்டு, பக்கத்தின் உச்சியில் சிவப்பில் இப்படிப் போட்டேன்: "மதிப்பு கொடுக்காவிட்டால் கமெண்ட் யாருக்குத் தெரியும் என்பது இன்னும் உறுதி செய்யப்படவில்லை. உறுதியாகும் வரை இந்த டூலை வாடிக்கையாளர் டிக்கெட்டுகளில் பயன்படுத்த வேண்டாம்." பார்க்க நன்றாக இல்லை, எடுத்துவிடுங்கள் என்று மேலாளர் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். எடுக்க முடியாது. என் கேள்விக்குப் பதில் வரட்டும், அன்றைக்கே எடுக்கிறேன்.