கால் பார்வைக்கு முழு தோஷம் எழுதலாமா?

நம்ம ராமநாதபுரம் கரையோர ஊர்களில் கல்யாணப் பேச்சு எடுத்தாலே முதலில் கை மாறுவது ஜாதக நகல்தான். அதில் இப்போது அடிக்கடி ஒரு குறிப்பு கண்ணில் படுகிறது: "சந்திரனைச் சூரியன் 3ஆம் பார்வையாகப் பார்க்கிறார், தோஷம், தேவிபட்டினம் போய் வரவும்." நவபாஷாணத்துக்குப் போவதை யாரும் தடுக்கப் போவதில்லை. கடலுக்குள் நிற்கிற அந்த ஒன்பது கல்லைச் சுற்றி வந்து நவதானியம் போட்டுக் கும்பிட தோஷம் இருந்தால்தான் ஆச்சா? ஆனால் அந்த ஒரு வரியைக் காட்டி ஒரு பெண்ணுக்கு வந்த வரனைத் திருப்பி அனுப்புகிறார்களே, அதுதான் மனசு பொறுக்கவில்லை.

கிரகம் நிற்கும் ராசியை ஒன்று என்று வைத்து எண்ணினால் எத்தனையாவது ராசியில் பார்வை விழுகிறதோ, அதுதான் அந்த எண்ணுள்ள பார்வை. பராசரர் பெயரில் வழங்கும் ஜோதிட முறையில் 7ஆம் பார்வைதான் எல்லாக் கிரகத்துக்கும் முழுப் பார்வை. 4, 8 முக்கால். 5, 9 அரை. 3, 10 வெறும் கால். சனிக்கு 3, 10ம், குருவுக்கு 5, 9ம், செவ்வாய்க்கு 4, 8ம் முழுசாக உண்டு. சூரியனுக்கு அப்படி எந்தச் சலுகையும் கிடையாது. அவருடைய 3ஆம் பார்வை கால்தான். பலத்தை அளக்கும் அலகு விரூபம்; முழு பலம் 60 விரூபம் என்றால் இது 15.

அந்த 15கூட சரியாக 60 பாகை தள்ளி இருந்தால்தான். கட்டத்தை எண்ணினால் இது தெரியாது, பாகையைக் கழித்துப் பார்க்க வேண்டும். பார்க்கப்படும் கிரகத்தின் பாகையிலிருந்து பார்க்கும் கிரகத்தின் பாகையைக் கழியுங்கள். மீதி 30க்கும் 60க்கும் நடுவில் வந்தால் அதில் 30 போக மிச்சத்தில் பாதி. 60க்கும் 90க்கும் நடுவில் வந்தால் 60 போக மிச்சத்தோடு 15 கூட்டுங்கள்.

மாசி மாதம், மேஷ ராசியில் பிறந்த இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். முதல் பிள்ளைக்குச் சூரியன் கும்பத்தில் 26 பாகை, சந்திரன் மேஷத்தில் 3 பாகை, அசுவினி முதல் பாதம். ஒரு ராசி 30 பாகை; கும்பத்தில் மிச்சம் 4, மீனம் 30, மேஷத்தில் 3, ஆக இடைவெளி 37. பார்வை மூன்றரை விரூபம், அவ்வளவுதான். இரண்டாவது பிள்ளைக்குச் சூரியன் கும்பத்தில் 3, சந்திரன் மேஷத்தில் 26, பரணி நாலாம் பாதம். 27, 30, 26, ஆக இடைவெளி 83. பார்வை 38, கிட்டத்தட்ட முக்கால் பார்வையைத் தொடப் போகிறது. கட்டத்தில் பார்த்தால் இரண்டும் ஒரே "3ஆம் பார்வை". பலத்தில் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம்!

சூரியன் சந்திரனுக்கு மட்டும் ஒரு சுருக்கு வழி உண்டு. ஒரு திதி 12 பாகை. முதல் பிள்ளை வளர்பிறை சதுர்த்தி, இரண்டாவது சப்தமி. பஞ்சாங்கத்தில் திதியைப் பார்த்தாலே இடைவெளி ஏறக்குறைய தெரிந்துவிடும்.

இனி ஷட்பலத்துக்கு, அதாவது கிரகத்தின் ஆறு வகை பலக் கணக்குக்கு வாருங்கள். அதில் பார்வையால் வரும் பலமான திருக்பலம் எடுக்கும்போது சுபர் (நல்ல கிரகங்கள்) பார்வையைக் கூட்டி, பாபர் (தீய கிரகங்கள்) பார்வையைக் கழித்து, வருவதை நாலால் வகுக்கிறோம். 15 விரூபம் அங்கே மூன்றே முக்கால் ஆகிவிடும். சந்திரனுக்கு வேண்டிய குறைந்தபட்ச பலமோ 360. நூற்றில் ஒரு பங்கு! இதற்குப் போய் பரிகாரச் சீட்டா? எதிரில் குரு நின்று பார்த்தால் அந்தப் பார்வை ஒன்றுக்கே 60. அதை விட்டுவிட்டு இதைப் பெரிதாக எழுதுகிறவர் ஜாதகத்தை முழுசாகப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

பிறந்த நேரத்தில் கிழக்கே உதிக்கும் ராசிப் புள்ளியான லக்னத்தின் மேல் விழும் பார்வைக்கு இன்னும் நிதானம் வேண்டும். வீட்டில் பிறந்த பெரியவர்களுக்கு "பாங்கு சொன்ன நேரம்", "கரைவலை இழுத்த நேரம்" என்றுதான் கணக்கு இருக்கும். ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம் பிசகினால் லக்னம் சுமார் 6 பாகை நகரும். சந்திரன் கால் பாகைகூட நகராது. அதனால் நேரம் சந்தேகமான ஜாதகத்தில் கிரகத்துக்குக் கிரகம் உள்ள பார்வையை நம்பலாம், லக்னத்தின் மேல் விழும் கால் பார்வையைத் தொடவே கூடாது. செயலியில் நம்ம ஊர் வரவில்லை என்று சென்னையைத் தட்டிவிடுகிறார்கள், அதிலேயே லக்னம் ஒன்றிரண்டு பாகை மாறும். 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் நடு வரை, போர்க்காலத்தில், கடிகாரத்தையே ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். அந்த வருஷத்து ஜாதகத்தில் இதைக் கழித்திருக்கிறார்களா என்று கட்டாயம் பாருங்கள்.

திருக்கணிதம், வாக்கியம் என்று பஞ்சாங்கக் கணக்கு இரண்டு வகை; அவற்றையும் கலக்காதீர்கள். திருக்கணிதப்படி சனி 2025 மார்ச் 29 அன்று மீனத்துக்கு வந்துவிட்டார், வாக்கியப்படி 2026 மார்ச்சில்தான். இடைப்பட்ட ஒரு வருஷத்தில் பிறந்த குழந்தைக்குச் சனியின் 3ஆம் பார்வை ஒரு கணக்கில் ரிஷபத்தில் விழும், இன்னொன்றில் மேஷத்தில். மாப்பிள்ளை ஜாதகம் வாக்கியத்திலும் பெண் ஜாதகம் திருக்கணிதத்திலும் இருந்தால் இரண்டையும் ஒரே முறையில் திரும்பப் போட்டுவிட்டுத்தான் பொருத்தம் பார்க்க உட்கார வேண்டும்.

"3ஆம் பார்வை தோஷம்" என்று யாராவது எழுதிக் கொடுத்தால், "எத்தனை பாகை இடைவெளி, எத்தனை விரூபம் வருது சாமி?" என்று மரியாதையாகவே கேளுங்கள். அந்தச் சீட்டின் பின்பக்கத்திலேயே கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ரெண்டு நிமிஷ வேலைதான்.