செவ்வந்தி நீரைக் கண்ணில் விடாதீர்கள்

"சீனாவில் கண் சிவந்தால் சொட்டு மருந்தே போடமாட்டார்கள், செவ்வந்திப் பூவைக் கொதிக்கவைத்து இரண்டு சொட்டு விட்டால் ஒரே நாளில் சரியாகிவிடும்" என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. தவறு. சீன மருத்துவம் கண் சிவப்பைக் கல்லீரல் சூட்டோடு சேர்த்துப் பார்க்கிறது, அதற்காக ஜூஹுவா எனும் அந்தக் காய்ந்த பூவை, பல சமயம் கோஜி பழத்தோடு, பெரும்பாலும் குடிக்கத்தான் கொடுப்பார்கள். அங்கேயும் சொட்டு மருந்து உண்டு. குடிக்கிறீர்களா, சரி, குடியுங்கள். ஆனால் வீட்டில் காய்ச்சி ஆறவைத்த நீரில் கிருமி சேரும், மகரந்தத் துகள் மிதக்கும், செவ்வந்தி ஒவ்வாதவர்களுக்குச் சிவப்பு இன்னும் ஏறும். வைரஸால் வரும் மெட்ராஸ் ஐ பொதுவாக 1 முதல் 2 வாரத்தில் தானாகவே அடங்கிவிடும், குணமாக்கிய பெயர் மட்டும் பூவுக்கு! வலியோ பார்வை மங்கலோ வெளிச்சக் கூச்சமோ இருந்தால் அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள், லென்ஸ் போடுபவர்கள் முதலில் அதைக் கழற்றிவிடுங்கள்.