அந்தப் பந்தைத் திருப்பிக் கொடுங்கள்

போன வாரம் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தேன். பந்தியில் எனக்கு எதிர்வரிசையில் எங்கள் தெருக்காரர்கள் நாலைந்து பேர். எல்லோரும் சென்னை மேற்கு மாம்பலத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். இலையில் சாதம் விழுவதற்குள் பேச்சு அந்தக் காலத்துக்குப் போய்விட்டது. செங்கல்லை அடுக்கி விக்கெட், ஒன் பிட்ச் கேட்ச் அவுட், மதில் தாண்டி வீட்டுக்குள் விழுந்தாலும் அவுட். ஆள் ஒற்றைப்படையாக வந்தால் ஒருவன் இரண்டு பக்கத்துக்கும் காமன். அயோத்தியா மண்டபத்தில் ராமநவமி கச்சேரி கேட்டுவிட்டு ராத்திரி நடுரோட்டில் கதை பேசிக்கொண்டே வீட்டுக்கு நடந்தது. ஒருவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. “நம்மளை வளர்த்ததே இந்தத் தெருதாம்மா” என்றார். நானும் மனசார ஆமாம் என்றேன்.

அதே மனிதர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் பையனுடைய பந்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்.

கார் கதவில் பட்டுவிட்டதாம். அது ரப்பர் பந்து. நானே குனிந்து கதவைக் கையால் தடவிப் பார்த்தேன். கீறலும் இல்லை, பள்ளமும் இல்லை. “இது என்ன மைதானமா? மாடியில போய் விளையாடு” என்று பத்து வயதுப் பையனிடம் கத்துகிறார். மொட்டை மாடியில் பிள்ளைகள் விளையாடக் கூடாது என்று அசோசியேஷன் கூட்டத்தில் முதல் ஆளாகக் கை தூக்கியவரும் அவர்தான். அப்புறம் எங்கேதான் போவார்கள்?

எனக்கு அவர் ஒருவர்மேல் மட்டும் கோபம் இல்லை. எங்கள் தெருவின் அகலம் 20 அடி. ஒரு காருக்கு 6 அடி வைத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் சேர்த்து 12 அடி போய்விடுகிறது. மிச்சம் 8 அடி. அந்த 8 அடியில்தான் ஆட்டோ, பைக், தண்ணீர் லாரி, இஸ்திரி வண்டி, ஸ்கூல் வேன், கைத்தடியுடன் நடக்கிற கிழவர்கள், எங்கள் பிள்ளைகள் எல்லோரும். போன ஐப்பசி மழையில் எதிர்வீட்டுத் தாத்தாவுக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், ஒருவர் மேலே குடை பிடித்தபடி. பிழைத்துவிட்டார். ஆனால் மறுநாள் காலை ஒரு காராவது இடம் மாறியதா? இல்லை.

இதெல்லாம் எப்படி வந்தது என்று நமக்குத் தெரியாதா? ஒரு கிரவுண்டு மனையில் ஒரு வீடும் கிணறும் வேப்பமரமும் இருந்தன. பில்டரிடம் கொடுத்தோம், 8 பிளாட் வந்தது. கீழே 6 கார் நிற்கத்தான் இடம். வீட்டுக்கு ஒன்று போதவில்லை, இரண்டாவது வாங்கினோம். எங்கள் வீடும் அப்படிப் போனதுதான், நானும் அதில் ஒரு பிளாட்டில்தான் இருக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், இது வெளியூரிலிருந்து வந்தவர்கள் கெடுத்த தெரு இல்லை. கல்யாணப் பந்தியில் கண்கலங்குகிற நாம் கெடுத்த தெரு.

நிறுத்துவதோடு விட்டார்களா? பெயின்ட் டப்பாவில் சிமென்ட்டைக் கொட்டி, நடுவில் கம்பி நட்டு, கார் வெளியே போயிருக்கும்போதும் அந்த இடத்தைப் பிடித்துவைக்கிறார்கள். சங்கிலி கட்டுகிறார்கள். பூந்தொட்டி வரிசை வைக்கிறார்கள். மதிலுக்கு வெளியே ஒரு அடிகூட யாருடைய பத்திரத்திலும் இல்லை. அது பொதுச்சாலை. ஊருக்கே சொந்தமான இடத்தில் இரும்புக்கு இடம் உண்டு, பிள்ளைகளுக்கு இல்லையா?

என் அம்மாவுக்கு 72 வயது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது மார்கழியில் 21 புள்ளி, 11 வரை ஊடுபுள்ளி வைத்து, செம்மண் கரை கட்டி, தெருவின் பாதி அகலத்துக்குக் கோலம் போடுவாள். நான் லாந்தர் மாதிரி டார்ச்சைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இப்போது ஒரு காரின் முன்பக்கத்துக்கும் இன்னொரு காரின் பின்பக்கத்துக்கும் நடுவில் 7 புள்ளி. போன மார்கழியில் ஒரு நாள் விடியற்காலை, அங்கே ஒழுகியிருந்த ஆயில் கறையைத் தேங்காய் நார் போட்டு உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்துக் கழுவி மாவை இழுத்தால், கறை இருந்த இடத்தில் மட்டும் இழை மங்கிக் கறுத்துப் போனது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, மாவுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். மறுநாளிலிருந்து வாசலில் வெறும் நாலு கோடு.

எங்கள் பேட்டையில் லேக் வியூ ரோடு என்று ஒரு சாலை இருக்கிறது. அங்கே நின்று பார்த்தால் எந்த ஏரியும் தெரியாது. 1920களில் அந்தப் பெரிய ஏரியைத் தூர்த்துத்தான் தி.நகரை எழுப்பினார்கள். பேர் மட்டும் தங்கிவிட்டது. தெரு என்ற வார்த்தைக்கும் அதே கதி வந்துவிடும் போலிருக்கிறது. நம் பேரப்பிள்ளைகள் விலாசத்தில் மட்டும்தான் அதை எழுதுவார்கள்.

“இந்தக் காலத்துப் பசங்க எங்கே விளையாடறாங்க, எப்பப் பார்த்தாலும் போன்” என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. 2022-இல் அண்ணா நகரில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சாலையை அடைத்து ஹேப்பி ஸ்ட்ரீட்ஸ் என்று நடத்தினார்களே, எவ்வளவு கூட்டம்! நானும் பையனைக் கூட்டிக்கொண்டு போனேன். நட்டநடு ரோட்டில் ஓடலாம் என்று தெரிந்ததும் அவன் செய்த முதல் காரியம், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வளைந்து வளைந்து ஓடியதுதான். நாங்கள் வாசற்படியை விட்டு இறங்கினால் கிடைத்த சந்தோஷம். அதற்கு அவனை மாம்பலத்திலிருந்து அண்ணா நகர் வரை அழைத்துப்போக வேண்டியிருந்தது. 2019-இல் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலமாக்கினார்கள். அங்கே கடைக்கு வருகிறவர்கள் நிம்மதியாக நடக்கிறார்கள், நல்லதுதான். இந்தப் பக்கம் குடியிருக்கிறவர்கள் பால் வாங்கக் காருக்கும் பைக்குக்கும் நடுவில் உடம்பை ஒடுக்கிக்கொண்டு போகிறோம்.

சரி, எல்லாக் காரையும் விற்றுவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணியிலிருந்து 8 மணி வரை. இரண்டே மணி நேரம். ஒரு பக்கத்துக் கார்களை மட்டும் எடுத்துப் பெரிய ரோட்டில் அனுமதி உள்ள இடத்தில் விடுங்கள். சிமென்ட் டப்பாக்களை உள்ளே தூக்கி வையுங்கள். எங்கள் காரை நான் முதலில் எடுக்கிறேன். பிள்ளைகள் பக்கத்தில் நானே நிற்கிறேன். எந்தக் கார் மேலாவது பந்து பட்டு உண்மையிலேயே பள்ளம் விழுந்தால் டிங்கரிங் செலவை நான் தருகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. இன்றைக்கு நாலாவது நாள். பச்சைப் பந்து, பேனாவால் ஒரு நட்சத்திரம் போட்டிருக்கும். உங்கள் வீட்டு ஷூ அலமாரி மேல்தான் இருக்கிறது, கதவு திறந்திருந்தபோது பையன் பார்த்திருக்கிறான். கேட்கப் பயப்படுகிறான். நீங்களே கூப்பிட்டுக் கொடுத்துவிடுங்கள், அண்ணா.