சாத்துக்குடிப் பை

கிண்டிச் செய்தி வந்தபோது ஒரு பாட்டிக்கு டிரிப்ஸ் ஏற்றும் வென்ப்ளான் ஊசி போட நரம்பு தேடிக்கொண்டிருந்தேன். 2024 நவம்பர் 13, புதன்கிழமை, காலை டியூட்டி. பக்கத்தில் நின்ற பயிற்சி மாணவி போனைப் பார்த்துவிட்டு, "சிஸ்டர், கலைஞர் நூற்றாண்டு ஆஸ்பத்திரியில கேன்சர் டாக்டரைக் கத்தியால குத்திட்டாங்களாம்" என்றாள். யாராம்? "ஒரு பேஷண்டோட மகனாம்."

கட்டிலின் அந்தப் பக்கம் நின்றதும் பாட்டியின் மகன்தான். கையில் மஞ்சள் பை. என் கண் அந்தப் பைக்குப் போனது. அது போனதை அவரும் கவனித்துவிட்டார். "சாத்துக்குடி சிஸ்டர்" என்று பையின் வாயைப் பிரித்துக் காட்டினார். பதினேழு வருஷ சர்வீஸில் ஒரு நோயாளியின் வீட்டார் முன்னால் நான் அப்படிக் கூனிக்குறுகி நின்றதில்லை.

இந்த மாதிரிச் செய்தி அடிபட்டவரோடும் அவர் குடும்பத்தோடும் முடிந்துபோகிறது என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். எங்களுக்கு அது அன்றைக்கே எங்கள் வார்டில் நடந்த மாதிரிதான். அந்த வருஷம் ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் ஆஸ்பத்திரியில் ஒரு பயிற்சி டாக்டரைப் பாலியல் வன்கொடுமை செய்து கொன்ற செய்தி வந்தது. அந்தப் பெண் 36 மணி நேர டியூட்டிக்கு நடுவே செமினார் ஹாலில் கொஞ்சம் கண்ணயரப் போனவள். ஊசி போடும் அறையில் இரண்டு ஸ்டூலைச் சேர்த்துப் போட்டு அரை மணி நேரம் சாய்ந்திருக்கும் எங்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. எங்கள் டியூட்டி ரூம் தாழ்ப்பாள் பல மாதமாக உடைந்து கிடந்தது. அதுவரை அது ஒரு ரிப்பேர் வேலை. அன்று இரவு நானும் இன்னொரு சிஸ்டரும் இரும்பு மேஜையை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான், ஒருவர் மாற்றி ஒருவர் உட்கார்ந்தோம். நைட் டியூட்டி என்றால் அம்மா இப்போதும் போன் செய்து "கதவைச் சாத்திக்கிட்டியா?" என்று கேட்கிறாள். வார்டு கதவைச் சாத்த முடியாதும்மா.

2023 மே மாதம் கேரளத்தின் கொட்டாரக்கராவில் ஒரு ஹவுஸ் சர்ஜன் (படிப்பு முடிந்து பயிற்சியில் இருக்கும் டாக்டர்), 23 வயசுப் பெண், காயத்துக்குக் கட்டுப்போட போலீஸ் கூட்டி வந்த ஆள் கையால் செத்துப்போனாள். அவன் எடுத்தது அங்கே இருந்த கத்தரிக்கோலை. அன்றிலிருந்து டிரெஸ்ஸிங் டிரேயில் கத்தரியை விட்டுவைக்க என்னால் முடியவில்லை. வெட்டியதும் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறேன். 2012இல் தூத்துக்குடியில் ஒரு மயக்க மருந்து டாக்டரம்மா கொல்லப்பட்டபோது சர்வீஸில் நான் இன்னும் சின்னவள். பயந்தேன், அழுதேன், மறந்தேன். இப்போது மறக்க முடிவதில்லை.

இந்தப் பயம் கடைசியில் நோயாளி தலையில்தான் விடிகிறது. நாங்கள் பேச்சைக் குறைத்துக்கொள்கிறோம். முன்பெல்லாம் உயிர் போன செய்தியைச் சொந்தக்காரரின் தோளைத் தொட்டுச் சொல்வேன். இப்போது கதவுப் பக்கம் நின்று சொல்கிறேன். ஜூனியர் டாக்டர் டெத் டிக்ளேர் பண்ணப் போகுமுன் "ரெண்டு பேர் கூட வாங்க" என்று கூப்பிடுகிறார். சின்ன ஆஸ்பத்திரிகளில், அங்கேயே பார்க்கக்கூடிய கேஸைக் கூட, இங்கே ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்புகிறார்கள். 108இல் போகும் அந்த ஒன்றரை மணி நேரம் யாருடையது? எங்களிடமிருந்து ஒரு வார்த்தை கிடைக்காத வீட்டார் மனதில் சந்தேகம் முளைக்கிறது, சந்தேகம் கோபமாகிறது. அந்தக் கோபத்தைப் பார்த்து நாங்கள் இன்னும் ஒதுங்குகிறோம்.

கிண்டியில் குத்திய அந்த மகனின் துக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. கீமோ ஒவ்வொரு சுற்றிலும் அம்மா கரைவதைப் பார்க்கும் பிள்ளைகளை நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். என்னை உடைத்தது செய்திக்குக் கீழே வந்த பின்னூட்டங்கள். "டாக்டர் என்ன பண்ணாரோ", "சரியான பாடம்" என்று எழுதியிருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் அதைப் படித்துவிட்டு டிபன் பாக்ஸை மூடி வைத்தேன். எழுதியவர்களில் யாரோ ஒருவரின் அப்பாவுக்கு நாளைக்கு நான்தான் டிரிப்ஸ் ஏற்ற வேண்டியிருக்கும். ஏற்றுவேன். ஆனால் அது மனதில் இருக்கும்.

தமிழ்நாட்டில் 2008லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் 10 வருஷம் வரை சிறை. கிண்டிக்குப் பிறகு மெட்டல் டிடெக்டர், உடன் இருப்பவர்களுக்கு அடையாளப் பட்டை என்று பேசினார்கள். வரட்டும், தேவைதான். ஆனால் மறுநாள் காலை எங்களில் ஒருத்தியைக் கூட யாரும் "உனக்கு எப்படி இருக்கிறது" என்று கேட்கவில்லை. டியூட்டி மாறும்போது நோயாளிகளை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் ஓவரைக் கொடுத்தோம், எடுத்தோம், டியூட்டி நடந்தது. நான் கேட்பது ரொம்பப் பெரிய விஷயமில்லை. இப்படிச் செய்தி வரும் நாளில் ஓவர் நேரத்தில் பத்து நிமிஷம் எங்களை உட்கார வைத்துப் பேச விடுங்கள். நாற்பது கட்டிலுக்கு இரவில் இரண்டு சிஸ்டர் என்ற நிலையை மாற்றுங்கள். வீட்டாரிடம் உட்கார்ந்து பேசுவதையே வேலையாகச் செய்ய வார்டுக்கு ஒரு ஆளைப் போடுங்கள். தாழ்ப்பாளைச் சரி செய்யுங்கள்.

அந்தப் பாட்டி இன்னும் ஆறு நாள் வார்டில் இருந்தார். மகன் ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் பையின் வாயைப் பிரித்து என் பக்கம் காட்டிவிட்டுத்தான் கட்டிலுக்குப் போனார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.