பதக்கத்துக்கு முன்னால் ஒன்பதாம் வகுப்பு

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியின் பெண்கள் கபடி இறுதி ஆட்டத்தில் இந்திய அணி ஈரானை 75-21 என்று வீழ்த்தியதும், அணியின் துணைத் தலைவியான கண்ணகி நகர் கார்த்திகாவின் பெயர் தமிழ்நாடெங்கும் பரவியது. முதலமைச்சர் 25 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை வழங்கினார். சென்னைக்குள் இருந்த குடிசைகளை அகற்றி, அங்கிருந்தவர்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய கண்ணகி நகரின் பெயரைச் சொல்லி வேலை கேட்கவே இளைஞர்கள் தயங்கிய காலம் உண்டு என்பதால், அந்தக் கொண்டாட்டம் முற்றிலும் நியாயமானதே.

ஆனால் என் கவலை, பதக்கம்வரை வந்து சேராத பிள்ளைகளைப் பற்றியது. ஆறாம் வகுப்பில் பையன்களுக்குச் சளைக்காமல் 'கபடி, கபடி' என்று பாடி எதிரணியின் களத்துக்குள் போகிற பெண்களில் பலர், வயதுக்கு வந்து ஒன்பதாம் வகுப்பை எட்டியபின், சுற்றுவட்டாரப் பள்ளிகள் மோதும் குறுவட்டப் போட்டிகளில் கண்ணில் படுவதே இல்லை. "வெயில்ல கறுத்துப் போயிடுவா", "அரை டிராயரோட அத்தனை பேர் முன்னாடி உருளணுமா", "மூஞ்சியில தழும்பு விழுந்தா யாரு கட்டிக்குவா" என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். கபடியில் இந்தப் பேச்சு இன்னும் கூடுதல். பாடி வருபவரின் கணுக்காலைப் பாய்ந்து பிடிக்கும்போது முழங்கையும் முட்டியும் தரையில் தேயாமல் இருக்காது. அதே பெண் சித்தாளாகச் செங்கல் சுமக்கும்போது மட்டும் பெண்ணுடல் மென்மையானது என்பது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை!

பெற்றோரை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. கபடி ஆடும் மகனுக்கு 2014 முதல் புரோ கபடி லீக் இருக்கிறது. அதன் ஏலத்தில் இரண்டு கோடியைத் தாண்டிய வீரர்கள் உண்டு. பெண்களுக்கென்று 2016-இல் மூன்றே அணிகளை வைத்து ஒரு தொடரை நடத்தினார்கள். அதன் இறுதி ஆட்டம் 24-23 என்று ஒற்றைப் புள்ளியில் முடிந்தும், அந்தத் தொடர் மறு ஆண்டு நடக்கவில்லை. ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியாவின் நூறாவது பதக்கத்தை, சீன தைபேயை 26-25 என்று வென்று பெற்றுத் தந்ததும் பெண்கள் கபடி அணிதான். ஆட்டத்தில் விறுவிறுப்பு போதவில்லை என்று இனி யாரும் சாக்குச் சொல்ல முடியாது. ரயில்வே, காவல்துறை வேலைகளைத் தவிர மகளுக்கு இதில் என்ன வருமானம் என்று ஒரு தகப்பன் கேட்டால், அந்தக் கணக்கில் பிழையில்லை.

வென்று வந்தபின் தரும் பணம், ஏற்கெனவே தடைகளைத் தாண்டிவிட்டவருக்குத்தான் போய்ச் சேருகிறது. பள்ளியில் ஒரு பெண் உடற்கல்வி ஆசிரியர், மைதானத்தருகே தண்ணீர் வரும் கழிவறை, பயிற்சி முடிந்து இருட்டுவதற்குள் வீடு சேர ஒரு பேருந்து ஆகியவற்றுக்கான செலவு, பரிசுத் தொகைக்கு முன்னால் வர வேண்டியது. குறுவட்டத்தில் கோப்பை வாங்கிய பெண்கள் அணியின் பட்டியலை வைத்துக்கொண்டு, அவர்களில் எத்தனை பேர் மறு ஆண்டும் ஆட வந்தார்கள் என்று மாவட்ட உடற்கல்வி ஆய்வாளர் சரிபார்க்கலாம். வராதவர்களின் வீடுகளுக்கு ஓர் ஆசிரியரை அனுப்பிக் காரணம் கேட்கலாம். இப்படி விசாரிப்பதற்குப் புதிய திட்டமோ தனி நிதியோ தேவையில்லை.