ப்ளக்இன் சப்போர்ட் ரெண்டு நாள் வேலைன்னு நினைக்கிறவங்களுக்கு

போன வாரம் டீம் மீட்டிங்ல ஒரு தம்பி, நல்லா கோட் எழுதுற பையன், "அக்கா, இந்த மாட்யூலுக்கு ப்ளக்இன் சப்போர்ட் குடுத்துடலாம், ரெண்டு நாள்ல முடிச்சுத் தரேன்"னு சொன்னான். ப்ளக்இன்னா நம்ம ப்ரோகிராமோட கோட மாத்தாம மத்தவங்க எழுதி உள்ள சொருகுற தனி கோட், மாட்யூல்னா ப்ரோகிராமோட ஒரு பகுதி. அவன் கணக்கு தப்பில்ல, கோட் எழுத ரெண்டு நாள் போதும். ஆனா அதே ரெண்டு நாள் வேலைய நான் சில வருஷம் முன்னாடி செஞ்சு, அதுக்கப்புறம் ஒன்றரை வருஷம் அது பின்னாடியே அலைஞ்சவ. மீட்டிங்ல அஞ்சு நிமிஷத்துல சொல்லி முடியல, அதான் இங்க எழுதறேன். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும்.

அப்போ என் பொறுப்புல இருந்தது ஒரு ரிப்போர்ட் மாட்யூல், பைத்தான்ல எழுதினது. டேட்டாபேஸ்ல இருந்து டேட்டாவ எடுத்து கணக்கு போட்டு பிடிஎஃப்பாவோ சிஎஸ்வியாவோ (கமா போட்டுப் பிரிச்ச டேபிள்) குடுக்கும், அவ்ளோதான். ஆனா ஒவ்வொரு டீமுக்கும் ஒவ்வொரு மாதிரி வேணும், ஒருத்தருக்கு தேதி முன்னாடி வரணும், இன்னொருத்தருக்கு கழிவு கழிச்ச தொகை தனி நெடுவரிசையா வேணும், ஒவ்வொண்ணுக்கும் நான் ஒரு இஃப் போட்டுப் போட்டு ஒரு ஃபங்ஷன் மட்டும் அறுநூறு வரி தாண்டிடுச்சு. சரி, இனிமே அவங்கவங்களே எழுதிக்கட்டும்னு ஒரு ஃபோல்டர் வச்சேன், அதுல இருக்குற ஃபைலெல்லாம் இம்போர்ட்லிப்ங்கிற பைத்தான் வசதி மூலமா லோட் ஆகும், ரன்னுன்னு ஒரு ஃபங்ஷன் இருந்தா கூப்பிடும், கூப்பிடும்போது என்கிட்ட இருந்த மொத்த ரிப்போர்ட் ஆப்ஜெக்டையும், அதாவது உள்ள இருக்குற எல்லாத்தையும், அது கைல குடுத்துடும். நாப்பது வரி கோட். எல்லாருக்கும் சந்தோஷம், எனக்கும்தான்.

எட்டு மாசம் கழிச்சு பெரிய ரிப்போர்ட்டெல்லாம் மெமரிய முழுங்க ஆரம்பிச்சுது. காரணம் தெளிவா தெரிஞ்சுது, எல்லா வரியையும் ஒரே லிஸ்ட்ல ஏத்தி வச்சிருந்தேன். அத ஜெனரேட்டரா மாத்தினேன், ஒவ்வொரு வரியா வந்து போகும், மெமரி ஏறாது. என் டெஸ்ட் எல்லாம் பாஸ். ரிலீஸ் பண்ணிட்டேன். மறுநாள் காலைல மூணு ப்ளக்இன் விழுந்து கெடக்கு. ஒண்ணு லிஸ்ட்டோட நீளத்த கேக்குது, ஜெனரேட்டருக்கு நீளம் கெடயாது. மத்த ரெண்டும் முதல் வரிய நேரா பூஜ்யம்னு இண்டெக்ஸ் போட்டு எடுக்குது, அதுவும் நடக்காது. இந்த மூணும் எரர் குடுத்து கத்துச்சு, அதனால அன்னிக்கே சரி பண்ணிட்டோம்.

நாலாவதுதான் என்னை ரொம்ப நாள் தூங்க விடாம பண்ணது. அந்த ப்ளக்இன் டேட்டா மேல ரெண்டு தடவ லூப் ஓட்டும், முதல் தடவ வரிய எழுதும், ரெண்டாவது தடவ கூட்டுத்தொகை போடும். ஜெனரேட்டர் ஒரு தடவ ஓடி முடிஞ்சா தீந்துபோச்சு, ரெண்டாவது தடவ கேட்டா எரர் எதுவும் வராது, சும்மா காலியா இருக்கும். அதனால வரியெல்லாம் சரியா இருக்கு, கடைசில கூட்டுத்தொகை மட்டும் பூஜ்யம். அந்த எண்ண இன்னொரு ப்ரோகிராம் எடுத்து வேற கணக்குல சேத்துக்கிட்டே இருந்திருக்கு, ஒம்பது நாள் யாருக்கும் தெரியல.

அத எழுதினவர்கிட்ட பேசினப்போ அவர் கோவமே படாம ஒண்ணு சொன்னார், "நீங்க குடுத்தது லிஸ்ட், நான் லிஸ்ட்டாத்தானே யூஸ் பண்ணேன்?" பதில் சொல்ல முடியல. அது லிஸ்ட்டுன்னு நான் எங்கயும் எழுதி வைக்கல, மாறாதுன்னும் சொல்லல, ஆனா மாறும்னும் சொல்லலயே. ஹைரம் விதின்னு சாஃப்ட்வேர்ல ஒண்ணு சொல்லுவாங்க, கூகுள்ல வேலை பாத்த ஹைரம் ரைட்ங்கிற இன்ஜினியர் பேர்ல. ஒரு ஏபிஐய, அதாவது ஒரு ப்ரோகிராம் மத்த ப்ரோகிராம் கூப்பிட தெறந்து வைக்கிற வாசல, யூஸ் பண்றவங்க எண்ணிக்கை கூடிட்டா, நீங்க டாக்குமென்டேஷன்ல என்ன எழுதி வச்சிருக்கீங்கங்கிறது முக்கியமில்ல, வெளிய தெரியற ஒவ்வொரு நடத்தையையும் யாராவது ஒருத்தர் நம்பி இருப்பாங்க. எனக்கு ஆயிரக்கணக்குல யூசர் இல்ல, பதினோரு ப்ளக்இன்தான் இருந்துச்சு. பதினொண்ணே போதுமா இருந்துச்சு.

இதே கதை பெரிய அளவுல நடந்தது ஃபயர்ஃபாக்ஸ் ப்ரவுசர்ல. பழைய ஃபயர்ஃபாக்ஸ்ல ஒரு ஆட்ஆன் (ப்ரவுசருக்கான ப்ளக்இன்) எழுதினா ப்ரவுசரோட உள்ளுக்குள்ள எத வேணா தொடலாம், மெனுவ மாத்தலாம், டேப் பாரயே தூக்கிட்டு வேற வைக்கலாம், சூல்னு அவங்களோட சொந்த மொழில எழுதின திரை முழுக்க ஆட்ஆனுக்கு தெறந்தே கெடந்துச்சு. அதனாலதான் அவ்ளோ அருமையான ஆட்ஆன்லாம் வந்துச்சு, அத நான் மறுக்கவே மாட்டேன், நானே அத நம்பி ஃபயர்ஃபாக்ஸ விடாம வச்சிருந்தவ. ஆனா ப்ரவுசர பல ப்ராசஸா, அதாவது தனித்தனியா ஓடுற ப்ரோகிராமா, பிரிக்கணும்னு அவங்க நினைச்சப்போ காலக் கட்டிப்போட்டதும் அதே சுதந்திரம்தான், உள்ள எத நகத்தினாலும் எங்கயோ ஒரு ஆட்ஆன் உடையும். 2015ல பழைய முறைய விடப்போறோம்னு அறிவிச்சாங்க, 2017 நவம்பர்ல 57வது வெர்ஷன் வந்தப்போ வெப்எக்ஸ்டென்ஷன்ஸ்ங்கிற புது முறைல எழுதினது மட்டும்தான் ஓடும்னு ஆயிடுச்சு. எத்தனையோ ஆட்ஆன புதுசுக்கு மாத்தவே முடியல, ஏன்னா அது தொட்ட எடம் புது முறைல வெளிய தெரியவே தெரியாது. பல வருஷம் இலவசமா உழைச்சு எழுதினவங்களோட வேலை அப்படியே நின்னுபோச்சு. ஃபயர்ஃபாக்ஸ உருவாக்குற மொசில்லா எடுத்த முடிவு தப்புன்னு நான் சொல்ல வரல, வேற வழி இருந்த மாதிரி எனக்கும் தெரியல. ஆரம்பத்துல எவ்ளோ தெறந்து விட்டாங்களோ அவ்ளோவும் பின்னாடி வலியா வந்துச்சுங்கிறதுதான் என் பாயின்ட்.

லினக்ஸ் கெர்னல்ல, அதாவது அந்த ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதில, இதுக்கு நேர் மாறா ஒரு நேர்மை இருக்கு. உள்ளுக்குள்ள இருக்குற இன்டர்ஃபேஸ் எப்ப வேணா மாறும், வெளிய தனியா ட்ரைவர் மாட்யூல் எழுதி வச்சிருந்தா அது உடைஞ்சா நீங்கதான் பாத்துக்கணும்னு கெர்னல் டாக்குமென்டேஷன்லயே எழுதி வச்சிருக்காங்க. அதே நேரம் யூசர் ப்ரோகிராம் நம்பி இருக்குற பக்கத்த உடைக்கவே கூடாதுன்னு பிடிவாதமா இருப்பாங்க. எது உறுதி, எது உறுதி இல்லைன்னு கோடு போட்டு சொல்லிட்டாங்க. நான் அந்தக் கோட்ட போடவே இல்ல, என் தப்பு அதுதான்.

சரி, ரெண்டாவது தடவ என்ன பண்ணோம். மொதல்ல மொத்த ரிப்போர்ட் ஆப்ஜெக்டையும் குடுக்குறத நிறுத்தினோம். ப்ளக்இனுக்கு என்ன தேவையோ அது மட்டும் இருக்குற ஒரு சின்ன ஆப்ஜெக்ட், அதுவும் மாத்த முடியாத மாதிரி. உள்ள நான் லிஸ்ட் வச்சிருக்கேனா ஜெனரேட்டர் வச்சிருக்கேனாங்கிறது அதுக்கு தெரியாது, வரி வேணும்னா ஒரு ஃபங்ஷன கூப்பிடணும், கூப்பிடுற ஒவ்வொரு தடவயும் முதல்ல இருந்து வரும்னு எழுதியே குடுத்துட்டோம், அதுக்கு டெஸ்ட்டும் இருக்கு. ஹூக், அதாவது ப்ளக்இன் வந்து மாட்டிக்கிற எடம், மொத்தமே மூணுதான் தெறந்தோம், வரி வரும்போது ஒண்ணு, கூட்டுத்தொகை போடும்போது ஒண்ணு, ஃபைலா எழுதும்போது ஒண்ணு. ஒம்பது கேட்டாங்க. மூணுல நின்னோம். ஒரு ஹூக்க எப்ப வேணா புதுசா சேக்கலாம், ஆனா குடுத்தத திருப்பி வாங்க யார்கிட்டயும் மனசு வராது.

அடுத்தது, எங்க சொந்த சிஎஸ்வி எக்ஸ்போர்ட்டரயே ப்ளக்இனா மாத்தி அதே வாசல் வழியா உள்ள கொண்டு வந்தோம். இத செஞ்சே ஆகணும்னு நான் எல்லார்கிட்டயும் சண்டை போடுவேன். நாமளே அந்த ஏபிஐல ஒரு உருப்படியான வேலைய செய்யாத வரைக்கும் அதுல என்ன இல்லைன்னு நமக்கு தெரியாது. சிஎஸ்விக்கு ஒவ்வொரு நெடுவரிசைக்கும் தலைப்பு தேவை, அத குடுக்க நாங்க மறந்தே போயிருந்தோம், அத கண்டுபிடிச்சது அப்பதான். பைத்தான் கோட டெஸ்ட் பண்ற பைடெஸ்ட்டும் இப்படித்தான், அதோட சொந்த வசதிகள்ல நிறைய ப்ளக்இனாத்தான் இருக்கு. அவங்க அந்த ஹூக் பகுதிய ப்ளக்கின்னு தனி லைப்ரரியா பிரிச்சு வச்சிருக்காங்க, அதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு விஷயம், ஹூக் அஞ்சு ஆர்க்யுமென்ட் (ஃபங்ஷனுக்கு குடுக்குற மதிப்பு) குடுத்தா ப்ளக்இன் தனக்கு வேண்டிய ரெண்ட மட்டும் வாங்கிக்கலாம். அதனால நாளைக்கு ஆறாவதா ஒண்ணு சேத்தாலும் பழைய ப்ளக்இன் எதுவும் உடையாது. சின்ன யோசனைதான், எத்தனை பேரோட ராத்திரிய காப்பாத்தி இருக்கும்.

ப்ளக்இன் தப்பு பண்ணும்ங்கிறத வச்சுத்தான் டிசைன் பண்ணணும். வெப்சைட் நடத்த உதவுற வேர்ட்ப்ரெஸ் 2004ல 1.2 வெர்ஷன்லயே ப்ளக்இன் கொண்டு வந்துடுச்சு, அதுல ஃபில்டர்னு ஒரு வகை ஹூக், உங்க ஃபங்ஷனுக்கு ஒரு மதிப்பு வரும், அத மாத்தி நீங்க திருப்பி குடுக்கணும். ரிட்டர்ன்னு ஒரே ஒரு வார்த்தை எழுத மறந்தா போதும், கட்டுரை மொத்தமும் பக்கத்துல இருந்து காணாம போயிடும். இந்த மாதிரி எடத்துல எந்த ப்ளக்இன் இத பண்ணுச்சுன்னு பேர் சொல்லி லாக்ல வரணும், இல்லைன்னா பழி உங்க மாட்யூல் மேலதான் விழும், எனக்கு விழுந்துச்சு. ஜிம்ப்ங்கிற பட எடிட்டர்ல ப்ளக்இன் தனி ப்ராசஸா ஓடுது, அது செத்தாலும் நீங்க வரைஞ்ச படம் பிழைக்கும். விஎஸ் கோட்ங்கிற கோட் எடிட்டர்ல எக்ஸ்டென்ஷன் எல்லாத்துக்கும் எடிட்டர் திரைக்கு வெளிய ஒரு தனி ப்ராசஸ். எல்லா மாட்யூலுக்கும் இவ்ளோ தூரம் போக வேண்டியதில்ல, எங்களுக்கு எக்செப்ஷன, அதாவது ஓடும்போது வர்ற எரர, பிடிச்சு ப்ளக்இன் பேரோட எழுதறதே போதுமா இருந்துச்சு.

பாதுகாப்பு பத்தி ஒண்ணு மட்டும். ஒரே ப்ராசஸ்ல லோட் பண்ற ப்ளக்இனுக்கு உங்க மாட்யூலுக்கு இருக்குற எல்லா உரிமையும் உண்டு, உங்க பாஸ்வேர்டு உட்பட. அதனாலதான் எஸ்கியூலைட் மாதிரி ஒரு டேட்டாபேஸ்ல எக்ஸ்டென்ஷன் லோட் பண்ற வசதி ஆரம்பத்துலயே ஆஃப் ஆகி இருக்கு, வேணும்னா நீங்களா ஆன் பண்ணணும். எழுதினவர் நல்லவரா இருந்தா போதும்னு நினைக்காதீங்க, 2018ல ஈவென்ட்ஸ்ட்ரீம்னு ஒரு என்பிஎம் பேக்கேஜ (ஜாவாஸ்க்ரிப்ட்ல பலரும் எடுத்து யூஸ் பண்ற கோட்) பாத்துக்கிட்டவர் நேரமில்லாம வேற ஒருத்தர்கிட்ட ஒப்படைச்சார், புதுசா வந்த ஆள் பிட்காயின் திருடற கோட உள்ள வச்சுட்டார்.

இவ்ளோ சொல்லிட்டு இதையும் சொல்லணும். நெறைய எடத்துல ப்ளக்இன் தேவையே இல்ல. மாறுற விஷயம் ரெண்டோ மூணோதான்னா ஒரு கான்ஃபிக் (செட்டிங்ஸ்) ஃபைல் போதும், இல்ல ஒரு ஃபங்ஷன ஆர்க்யுமென்ட்டா வாங்கிக்கிட்டா போதும். வெளிய இருக்குற யாரோ, நம்ம ரிலீசுக்கு காத்திருக்க முடியாம, நமக்கு தெரியாத ஒரு வேலைய செய்யணும்ங்கிற நெலமை வந்தாத்தான் ப்ளக்இன் பேச்சே வரணும்.

தம்பிகிட்ட நான் வேண்டாம்னு சொல்லல. அந்த ஏபிஐல ரெண்டு நெஜமான ப்ளக்இன் எழுதிக் காட்டு, ஒண்ணு நம்மளோடது, இன்னொண்ணு கேட்ட டீமோட உக்காந்து எழுதினது, அப்புறம் பேசலாம்னேன். முதல்ல முகம் வாடிருச்சு. நேத்து சாயங்காலம் வந்தான், ரெண்டாவது ப்ளக்இன் எழுதும்போது முதல்ல யோசிச்ச ஹூக் பேரு, ஆர்க்யுமென்ட் எல்லாமே தப்புன்னு தெரிஞ்சுதாம், அழிச்சுட்டு முதல்ல இருந்து எழுதறேன், இன்னும் ஒரு வாரம் வேணும்னான். எடுத்துக்கோன்னு சொல்லியிருக்கேன்.